பெட்டிக்கு வைத்த பொட்டு

அக்டோபர் 1, புதன்

நீயே சொல்லு முருகா, ஆயுத பூஜைக்குத் தறிக்கு வைக்கலாம், தையல் மிஷினுக்கு வைக்கலாம், கிரைண்டர், ஃபிரிட்ஜ், தண்ணி மோட்டார், வசந்தாமணி கம்பெனிக்குப் போகிற ஸ்கூட்டி, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைக்கலாம், அந்தக் கேம் பெட்டிக்கு மட்டும் வைக்கக் கூடாதா? இந்த வீட்டில் இப்போது உழைக்கிற ஆயுதமே அதுதான்.

"வேண்டாங் நங்கை, அது கரண்டுப் பெட்டிங்" என்றாள் வசந்தாமணி. தம்பி பொண்டாட்டி. புருசனுக்கு அக்காள் என்பதால் என்னை நங்கை என்று கூப்பிடுவாள். மரியாதைக்குக் குறைச்சல் இல்லை, சொல் பேச்சுக் கேட்பதுதான் குறைச்சல்.

"கரண்டுல ஓடாத தறி எங்க அம்மிணி இருக்குது?" என்று கேட்டேன்.

உனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. ஆனாலும் 108 தடவை 'ஓம் சரவணபவ' எழுதி முடித்த பிறகு நோட்டில் அரைப் பக்கம் மிஞ்சிக் கிடக்கிறது. காகிதத்தை வீணாக்கினால் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார் முட்டி போட வைப்பார். எட்டாவது வரை அவரிடம்தான் படித்தேன். அந்தப் பயத்தில் எழுதுகிறேன்.

தம்பி தண்டபாணிக்கு ஜூன் ஐந்தாம் தேதி பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. நாற்பத்தொன்பது வயதுதான். தறி ஃபிட்டர். சோமனூரைச் சுற்றி எந்தத் தறி நின்றாலும் "தண்டபாணியக் கூப்புடு" என்பார்கள். கால் வந்துவிட்டது, இழுத்து இழுத்து நடக்கிறான். பேச்சு வந்துவிட்டது, அது கொஞ்சம் தாமதமாக வந்திருந்தாலும் பரவாயில்லை. வலது கைதான் வரவில்லை. பத்து நாள் இருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று என் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்தேன். நாலு மாதம் ஆகிறது. வசந்தாமணி திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விடுவாள். பகலெல்லாம் அவனும் நானும்தான்.

பிசியோ டாக்டரம்மா திங்களும் வெள்ளியும் வந்து பயிற்சி சொல்லிக்கொடுப்பாள். அவள் போனதும், "சின்னப் புள்ளையாட்டம் தூக்கு, எறக்குன்னுட்டு" என்று இவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். ஆகஸ்டில் அவன் மகள் தாரணி பெங்களூரிலிருந்து தன்னுடைய கேம் பெட்டியைக் கொண்டுவந்து டிவியில் மாட்டினாள். ஒரு கட்டையைக் கையில் பிடித்து வீசினால் டிவிக்குள் பந்து உருண்டு போய்ப் பத்து பாட்டில்களைத் தட்டிவிடும். கட்டையை அவன் விரல் பிடிக்காது. பனியன் வேஸ்ட் துணியால் மணிக்கட்டோடு சேர்த்து நான் கட்டிவிடுவேன். போட்டிக்கு ஆள் வேண்டுமே, இன்னொரு கட்டை எனக்கு. தினமும் இரண்டு மணி நேரம் ஆடுவோம். தொங்கிக் கிடந்த கை நெஞ்சு உயரத்துக்கு வந்திருக்கிறது. தோளுக்கு மேலே தூக்கிவிட்டால் தறிக்கே போகலாம் என்கிறாள் டாக்டரம்மா. ஆறு மாதத்துக்குள் வருவதுதான் வரும் என்றும் சொல்லியிருக்கிறாள். அப்படியென்றால் டிசம்பர்.

அப்பேர்ப்பட்ட பெட்டிக்குப் பொட்டு வைக்காமல் விட்டால் நன்றி கெட்டதனம் ஆகாதா? நாலு மூலைக்கும் வைத்தேன். மேலே வரிவரியாக ஓட்டை இருக்கிற இடத்தில் பெரிதாக ஒன்று. வேப்பிலையில் மஞ்சள் தண்ணீர் தொட்டுத் தெளித்தேன். கொஞ்சம்தான். தண்டபாணி கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான், ஒன்றும் சொல்லவில்லை. சாம்பிராணி போட்டு, பொரி கடலை படைத்து, பூசணிக்காய் சுற்றி உடைத்தேன். மனசு நிறைந்துபோயிற்று.

அக்டோபர் 2, வியாழன்

பெட்டி எரியவில்லை.

விஜயதசமி, நல்ல நேரம் பார்த்து, தீபம் காட்டி, கட்டையை அவன் கையில் கட்டிவிட்டுத்தான் சுவிட்சைப் போட்டேன். டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. பச்சை விளக்கு வரவில்லை. வயரைப் பிடுங்கி மாட்டினேன். தட்டினேன். உன் பேரைச் சொல்லித் தட்டினேன்.

யார் கண் என்று எனக்குத் தெரியும். திங்கட்கிழமை டாக்டரம்மா வாசலில் நின்று எட்டு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி, "கை சூப்பரா வருதுங்ணா" என்றாள். எதிர்வீட்டு ராமாத்தாள் வாசல் கூட்டுகிற சாக்கில் நின்றுகொண்டிருந்தாள். மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டேன். நெடியே வரவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கும் எனக்கும் தெரியும்.

வசந்தாமணி வருவதற்குள் பெட்டியை ஈரத்துணியால் துடைத்துவைத்தேன். ஒரே தூசு.

அக்டோபர் 4, சனி

தாரணி போன் பண்ணினாள்.

"அத்தை, பெட்டி மேல எதாச்சும் ஊத்துனீங்களா?"

"நானா?"

"தண்ணி, காப்பி, எதாச்சும்?"

"காப்பி ஒரு சொட்டுக் கூடப் படல கண்ணு. மலைமேல இருக்கறவன் சத்தியமா."

காப்பி படவில்லை. நான் பொய்ச் சத்தியம் செய்கிறவள் இல்லை என்பதற்கு நீதான் சாட்சி.

போன செப்டம்பரில் வாங்கியதாம், இந்தச் செப்டம்பர் இருபத்தாறோடு வாரண்டி முடிந்துவிட்டதாம். எதற்கும் கோயமுத்தூர் சர்வீஸ் சென்டரில் காட்டச் சொன்னாள்.

அக்டோபர் 7, செவ்வாய்

பெட்டியைப் பழைய போர்வையில் சுற்றிக் கட்டைப்பையில் வைத்து, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். கண்டக்டர் கீழே வைக்கச் சொன்னான். உன் தோளில் தொங்குகிற டிக்கெட் பையை நீ கீழே வைப்பாயா என்று கேட்டேன்.

சுற்றிலும் கண்ணாடி, நடுங்குகிற குளிர். டோக்கன் கொடுத்து உட்காரவைத்தார்கள். கழுத்தில் அட்டை தொங்குகிற பையன் ஒருவன் கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு என்னைப் பார்க்காமலே சொன்னான்.

"வாரண்டி முடிஞ்சு பதினோரு நாள் ஆச்சுங்மா."

"கெட்டு அஞ்சு நாள்தான் கண்ணு ஆச்சு."

"கெட்டதும் வாரண்டி முடிஞ்சதுக்கு அப்பறம்தானுங்களே."

"அதெல்லாம் ஒரு கணக்கா சாமி? பத்து மாசம் செமக்கற புள்ளையே பதினோரு நாள் முன்னப் பின்னப் பொறக்குது."

"சிஸ்டம் எடுக்காதுங்மா."

"அந்தச் சிஸ்டத்தப் பண்ணுனவனும் ஒரு ஆத்தா பெத்தவந்தான. அவனக் கூப்புடு, நாம் பேசிக்கறேன்."

அவன் யாரையும் கூப்பிடவில்லை. டார்ச் அடித்து ஓட்டைக்குள் பார்த்தான்.

"உள்ள செவப்பா இருக்குதே, என்னங்மா இது?"

"துருவா இருக்கும்."

"மஞ்சளாவும் இருக்குதுங்மா."

"அது வேற துருவா இருக்கும்."

மூக்கை வைத்து மோந்து பார்த்தான். "சந்தன வாசம் அடிக்குதுங்மா."

நான் கூரையைப் பார்த்தேன். ஏசி நல்லதாகத்தான் போட்டிருக்கிறார்கள்.

உள்ளே தண்ணீர் போயிருக்கிறதாம். போர்டையே மாற்ற வேண்டுமாம், இந்த மாடலுக்குப் போர்டு இப்போது வருவதில்லையாம். வாரண்டி இருந்திருந்தாலும் இதற்குச் செல்லாதாம். "புதுசு வாங்கிக்குங்மா. இத இங்கயே குடுத்துட்டீங்கன்னா ஸ்கிராப்புல போட்டுக்கறோம்" என்றான்.

எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ தெரியவில்லை. "ஸ்கிராப்பா? எந்தம்பியையும் ஊருக்குள்ள இப்புடித்தான் சொல்லீட்டுத் திரியறாங்க. ரெண்டையும் ஒருத்தனுக்கும் குடுக்கறதா இல்ல" என்றேன். உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். போர்வையில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் என்ன சொன்னாய் என்று கேட்கிறாயா? போர்டு போய்விட்டது என்று சொன்னேன். அதுதான் அவன் சொன்னது.

அக்டோபர் 10, வெள்ளி

டாக்டரம்மா வந்தாள். கை வயிற்று உயரத்தில் நின்றுவிட்டது. நெஞ்சுக்கு வரவில்லை. "ஒரு வாரமா ஒண்ணுமே பண்ணலீங்களாண்ணா?" என்று கேட்டாள். "வீசறதுக்கு என்ன இருக்குது" என்றான் இவன், சுவரைப் பார்த்துக்கொண்டு.

போகும்போது என்னிடம் மெதுவாக, "இன்னும் ரெண்டு மாசந்தானுங் இருக்குது" என்றாள். இதை மட்டும் மெதுவாகச் சொல்லத் தெரிகிறது.

புதிது வாங்குகிற நிலைமையில் வீடு இல்லை. வசந்தாமணி தீபாவளி வரைக்கும் ராத்திரி ஓவர்டைம் ஒத்துக்கொண்டிருக்கிறாள், அது ஏற்கெனவே ஆஸ்பத்திரிக்குப் போனதை அடைக்கத்தான். இட்லி மாவு வழிக்கும்போது அவள் கண் துடைத்துக்கொண்டாள். நான் உளுந்துத் தொலியைப் பொறுக்கிக்கொண்டே இருந்தேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

மலைக்கு வந்தேன், பார்த்திருப்பாய். பூக்கேட்டேன். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் பெட்டி பிழைக்கும், சிவப்பு வந்தால் பிழைக்காது. சாமி கும்பிட வந்திருந்த ஒரு சின்னப் பெண்ணைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னேன்.

சிவப்பு.

சரியாகக் குலுக்கவில்லை என்று இன்னொரு தரம் கேட்டேன். சிவப்பு. மூன்றாவது தரம் பொட்டலத்தை வாங்கும்போது பூசாரி, "போதுங்மா, சாமியச் சோதிக்கக் கூடாதுங்" என்றார்.

"அவன் என்னயச் சோதிக்கலாமுங்களா?" என்றேன்.

மூன்றாவதும் சிவப்பு.

நல்லது. நீ சொல்லிவிட்டாய், நான் கேட்டுக்கொண்டேன். ஒத்துக்கொள்ளவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

இன்றைக்கு 108 எழுதவில்லை. இரு.

அக்டோபர் 14, செவ்வாய்

இன்றைக்கும் எழுதவில்லை. விளக்கு மட்டும் ஏற்றினேன். உன்னை இருட்டில் உட்காரவைக்கிற அளவுக்கு நான் கெட்டவள் இல்லை.

அக்டோபர் 16, வியாழன்

கருமத்தம்பட்டியிலிருந்து ஒரு ஃபிட்டர் வந்தான். தண்டபாணியுடைய டூல்ஸ் பெட்டியை விலைக்குக் கேட்டான். சும்மாதானே கிடக்கிறது என்றான். "பரண்மேல இருக்குது, எடுத்துட்டுப் போ" என்றான் என் தம்பி. தண்ணீர் சொம்பை எடுத்துக்கொள் என்கிற மாதிரி சொன்னான்.

"அது விக்கறதுக்கு இல்லீங்" என்று சொல்லி, ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பிவைத்தேன். திரும்பி வந்தால் இவன் முறைக்கிறான்.

"எதுக்குக்கா அவன அனுப்புன?"

"நாளைக்குக் கை வந்தா எதை வெச்சு வேலை பண்ணுவ? என்ற தோசைக் கரண்டிய வெச்சா?"

"கை வராது."

"பெட்டி சரியானா வரும்."

"பெட்டி எப்புடிச் சரியாகும்? நீதான அதுக்கு மஞ்சத்தண்ணி ஊத்துன."

"தெளிச்சேன்" என்றேன்.

"சொம்போட சாச்ச. நாம் பாத்துட்டேதான இருந்தேன்."

எனக்கு முதலில் வெட்கமாக இருந்தது. அது கொஞ்ச நேரம்தான். அப்புறம் அவன் சொன்னது மண்டைக்குள் போயிற்று.

"பாத்துட்டே இருந்தியா? முப்பது வருசம் மிசினுக்குள்ள கைய உட்டவன், தண்ணி போனா என்னாகும்னு உனக்குத் தெரியாதா? 'அக்கா நிறுத்து'ன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன கேடு? வாயி வந்து மூணு மாசம் ஆச்சல்ல?"

அவன் கட்டில் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நின்னா நிக்கட்டும்னுதான் இருந்தேன்" என்றான். "நெஞ்சு வரைக்கும் வந்துச்சு, செரி. அதுக்கு மேல வந்துச்சா? ஒரு மாசமா அங்கயேதான் நிக்குது. நீ தெனமும் கையத் தட்டித் தட்டிச் சந்தோசப்பட்டுட்டு இருந்த. எனக்குத் தெரியுமல்ல. பெட்டி நின்னு போச்சுன்னா, பெட்டி இல்லாமத்தான் கை வரலேன்னு சொல்லிக்கலாம். இல்லீன்னா என்னன்னு சொல்றது?"

நான் எழுந்து அடுக்களைக்குப் போய் வெங்காயம் அரிந்தேன். அரை கிலோ அரிந்துவிட்டேன். இன்றைக்கு வைத்தது வெறும் ரசம்.

சொம்போடு சாய்த்தேனா? வேப்பிலை நழுவிச் சொம்புக்குள் விழுந்தது. எடுக்கப் போனபோது சொம்பு கொஞ்சம் சாய்ந்தது. கொஞ்சம் என்றால் அரைச் சொம்பு. எழுதிவிட்டேன், போதுமா?

அக்டோபர் 17, வெள்ளி

ஐம்பத்தாறு வயதில் ஸ்டூல் மேல் முக்காலியைப் போட்டுப் பரணில் ஏறினேன். வசந்தாமணி வேலைக்குப் போன பிறகுதான். டூல்ஸ் பெட்டி ஒரு ஆட்டுக்குட்டி கனம். இறக்கிக் கொண்டுவந்து அவன் முன்னால் தொப்பென்று வைத்தேன். பக்கத்தில் கேம் பெட்டியை வைத்தேன்.

"ரெண்டு பேருஞ் சேந்துதான் கெடுத்தோம். நாஞ் சும்மா இருக்காமக் கெடுத்தேன், நீ சும்மா இருந்து கெடுத்த. பிரி."

சுவர்ப் பக்கம் திரும்பினான்.

சரி என்று காய் நறுக்குகிற கத்தியை எடுத்துவந்து நானே ஒரு ஸ்குருவில் நுனியை வைத்துத் திருகினேன். கத்தி வழுக்கிக் கீச்சென்று கத்தியது. இன்னொரு தரம் வைத்தேன்.

"அக்கா! கத்திய எடு! ஸ்குருத் தலைய வழிச்சுப்புடுவ!"

"நீ அந்தப் பக்கமே பாத்துட்டுப் படு."

"எடுன்னு சொன்னனல்ல! இங்க கொண்டா!"

எழுந்து உட்கார்ந்துவிட்டான். பெட்டியைத் திருப்பச் சொன்னான், ஸ்குருவின் தலையை உற்றுப் பார்த்தான். நட்சத்திரம் மாதிரி வெட்டு, அதன் நடுவில் முளை மாதிரி ஒரு குட்டிக் குத்தி. சாதாரண ஸ்குரு டிரைவர் எதுவும் உள்ளே போகாது.

"வேணும்னே வெச்சிருக்கான்" என்றான். "வெளி ஆளு எவனும் பிரிக்கக் கூடாதுன்னு."

"அந்தச் சர்வீஸ்காரப் பையனும் அப்படித்தான் மொகத்த வெச்சுட்டு இருந்தான்" என்றேன். எண்ணெய் ஊற்றினால்தானே எரியும்.

"என்றகிட்டயேவா?" என்றான் தண்டபாணி. நாலு மாதத்தில் அவன் குரலில் அந்தச் சூடு இன்றைக்குத்தான் கேட்டேன். "அக்கா, அடித்தட்டுல பழைய ஸ்குரு டிரைவர் ஒண்ணு கெடக்கும். அரத்தையும் எடு."

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

ஸ்குரு டிரைவரின் நுனியில் அந்தக் குத்தி நுழைகிற மாதிரி நடுவில் ஒரு காடி, சின்னப் பள்ளம், எடுக்க வேண்டும். அதற்கு ராவ வேண்டும். ராவுவதற்கு இரண்டு கை வேண்டும். அவனிடம் ஒன்றுதான். அதனால் ஸ்குரு டிரைவரைக் குறட்டில் கவ்வி நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன். அரத்தை அவன் வலது கையில் பனியன் வேஸ்ட்டால் கட்டிவிடுவேன். இடது கையால் அதைத் தாங்கிக்கொண்டு தள்ளுவான், இழுப்பான். பந்து வீசும்போது கை தானாகத் திரும்பி வந்து தொங்கிவிடும். அரம் தானாகத் திரும்பி வராது. இழுத்தால்தான் வரும். முதல் நாள் பத்து இழுப்புக்கு வேர்த்து ஊற்றிவிட்டது. மூன்று நாளாக இதே வேலை. தீபாவளி எண்ணெய் தேய்த்துக் குளித்த தலையோடு காலையிலேயே அரத்தைக் கேட்டான்.

தாரணி வந்திருக்கிறாள். "அப்பா, அந்த ஸ்குரு டிரைவர் ஆன்லைன்ல கெடைக்குது, மூணு நாள்ல வந்துரும்" என்றாள்.

"மூணு நாள்ல நானே பண்ணிருவேன். நீ போய் முறுக்குத் தின்னு."

அவளைக் கொல்லைப் பக்கம் கூட்டிப் போய் அரைச் சொம்பு விஷயத்தைச் சொல்லிவிட்டேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். துவைக்கிற கல்மேல் உட்கார்ந்து சிரித்தாள்.

"காப்பி படலேன்னு சத்தியம் பண்ணுனீங்களே அத்தை!"

"படலையே."

அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். டூல்ஸ் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிப் பழைய சேலையைப் போட்டு மூடிவைத்திருக்கிறேன்.

அக்டோபர் 22, புதன்

சஷ்டி விரதம் ஆரம்பம். 108 மறுபடி எழுதிவிட்டேன். விடுபட்ட நாளுக்கும் சேர்த்து எழுதிவிட்டேன், கை விண்விண்ணென்கிறது. அந்தச் சிவப்புப் பூவை மட்டும் நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

அக்டோபர் 25, சனி

பெட்டி பிரிந்துவிட்டது. அகப்பட்டும் கொண்டோம்.

காலை பதினொரு மணிக்கு முதல் ஸ்குரு கழன்றது. டக் என்ற அந்தச் சத்தத்துக்கு அவன் என்னைப் பார்த்த பார்வையை நான் விளக்கேற்றும்போது உன் முகத்தில்தான் பார்த்திருக்கிறேன். எட்டு ஸ்குருவையும் கழற்றி மேல்மூடியை எடுத்தோம். உள்ளே காற்றாடியில் சந்தனம் காய்ந்து கட்டியாக ஒட்டியிருந்தது. குங்குமம் வழிந்து கோடு போட்டிருந்தது. ஓரத்தில் ஒரு வேப்பிலை, முழுசாக.

"இதுவும் துருவாக்கா?" என்றான். ராவுகிற நாளில் சர்வீஸ் சென்டர் கதையை அவனிடம் சொல்லித் தொலைத்திருந்தேன்.

பேப்பரை விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. கம்பெனியில் அரை நாளில் விட்டுவிட்டார்களாம். வசந்தாமணி நின்றுகொண்டிருந்தாள். கேம் பெட்டியை அவள் பார்க்கவே இல்லை. டூல்ஸ் பெட்டியைத்தான் பார்த்தாள்.

"இத ஆரு எறக்குனது?"

"நாந்தான் அம்மிணி."

"ஏனுங் நங்கை, ஜூலைல இவரு தறிக்குப் போறேன்னு தடுமாறிப் போயி, தறிக்குழியில விழுந்து கெடந்தாரு. நீங்க அன்னிக்கு உங்க ஊட்டுக்குத் துணி எடுக்கப் போயிருந்தீங்க. நாந்தான் தூக்குனேன். அன்னிக்குத்தான் இதப் பரண்ல ஏத்துனேன். இதப் பாத்துப் பாத்து இவரு அழுவாருன்னு." அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். "நீங்க ஆசை காட்டிப்போட்டு ஒரு நாளைக்கு ஊருக்குப் போயிருவீங்க. கை வரலேன்னா இவரு பக்கத்துல உக்காந்து இருக்கப் போறது நானுங்."

நான் விரித்த பேப்பரின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தேன் முருகா.

அவன்தான் பேசினான். "வசந்தா, அந்தத் துணிய எடு. ஸ்குரு உருண்டு போயிரும்." அப்போதுதான் அவள் பார்த்தாள். அவனுடைய வலது கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு ஸ்குரு இருந்தது. கட்டாமல், துணி சுற்றாமல்.

வசந்தாமணி சாப்பாட்டுப் பையைத் தோளிலிருந்து இறக்கவே மறந்துவிட்டாள். அப்படியே கீழே உட்கார்ந்து, முறுக்கு டப்பா மூடியை எடுத்து அவன் விரலுக்கு அடியில் பிடித்தாள். ஸ்குரு அதில் விழுந்தது. "அடுத்தது" என்றாள்.

அக்டோபர் 27, திங்கள். சூரசம்ஹாரம்

ஸ்பிரிட் தொட்டுப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் நான் தேய்த்துக் கழுவினேன். மீட்டரை வைத்து இவன் ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்த்து, போர்டு நன்றாகவே இருக்கிறது, கரண்டு உள்ளே வருகிற இடத்தில் ஃபியூஸ்தான் போயிருக்கிறது என்றான். நகத்தளவு சாமான். பஸ் ஸ்டாண்டு மொபைல் கடையில் வேறு வைத்து ஒட்டிக் கொடுத்தார்கள். போர்டை மாற்ற வேண்டும் என்று சொன்னவன் டார்ச் அடித்துப் பார்த்ததோடு சரி.

சாயங்காலம் நீ சூரனை வதம் செய்கிற நேரத்தில் நாங்கள் சுவிட்சைப் போட்டோம். பச்சை விளக்கு வந்தது. விரதத்தில் இருந்ததால் எனக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது, வேறு ஒன்றும் இல்லை.

மூன்று சிவப்புப் பூ வந்த பிறகும் பெட்டி எரிகிறது, பார்த்துக்கொள். உன்னை ஜெயித்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன், அந்தளவுக்கு எனக்குத் திமிர் இல்லை. நீ சொன்னது தப்பு. அவ்வளவுதான்.

நவம்பர் 2, ஞாயிறு

சர்வீஸ் சென்டரிலிருந்து ஒரு பெண் போன் பண்ணினாள். எங்கள் சேவைக்கு அஞ்சுக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று கேட்டாள். "உங்க ஸ்குருத் தலையில ஒரு நட்சத்திரம் இருந்துச்சு கண்ணு, அதையும் எந்தம்பி கழட்டி எடுத்துட்டான்" என்றேன். புரியாமல் நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

நாளைக்கு டாக்டரம்மா வருவாள். நேற்று நான் கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்தேன். நெஞ்சு உயரத்தில் வந்து நின்றுகொண்டது. இன்னும் கொஞ்சம் என்றேன். பல்லைக் கடித்தான், தோள் நடுங்கியது, அதற்கு மேல் ஒரு அங்குலம் ஏறவில்லை. வசந்தாமணி வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள். அவள் அன்றைக்குச் சொன்னது எனக்குள் கல்லாகக் கிடக்கிறது. அதனால் ஒரு முடிவு பண்ணிவிட்டேன். என் வீட்டைக் காலி பண்ணி வாடகைக்கு விடப்போகிறேன். கை வந்தாலும் வராவிட்டாலும் அவன் பக்கத்தில் உட்கார இனிமேல் இரண்டு பேர். அவளிடம் சொன்னதற்கு, "அப்ப அந்தப் பரண்ல இருக்கற பித்தாளச் சாமானெல்லாம் நீங்களே வெளக்கோணும் நங்கை" என்றாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

இவன் செய்த அநியாயத்தையும் கேள். மத்தியானம் காப்பி குடித்துக்கொண்டே கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆட ஆரம்பித்தோம். கடைசிப் பந்து வரைக்கும் அவன்தான் முன்னால். தன் ஆட்டம் முடிந்ததும், கெத்தாகக் கட்டையை அவிழ்க்கச் சொன்னான். அவிழ்த்துவிட்டேன். நான் உன் பெயரைச் சொல்லி வீசினேன். பத்தும் விழுந்தது! ஒன்று கூட நிற்கவில்லை! எனக்குத்தான் ஜெயம். "தோத்தாங்குளி, தோத்தாங்குளி" என்று அவன் முகத்துக்கு நேராகக் கையைத் தட்டினேன். ஐம்பத்தாறு வயதுப் பொம்பளை பேசுகிற பேச்சா என்று கேட்காதே.

பொறுக்கவில்லை அவனுக்கு. என் உச்சந்தலையில் ணங்கென்று ஒரு குட்டு வைத்தான். கூடப் பிறந்த அக்காள், சஷ்டி விரதம் இருந்து இளைத்துப்போனவள் என்ற இரக்கம் கூட இல்லை. சீப்பு வைத்தால் இப்போதும் வலிக்கிறது. எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்திருக்கிறது. "எருமை, மெதுவா" என்று திட்டிவிட்டு எழுந்து போய்விட்டேன். அவன் சிரித்துக்கொண்டே டம்ளரில் மிச்சம் இருந்ததைக் குடித்தான்.

இரு முருகா.

அவன் குட்டும்போது இடது கையில் காப்பி டம்ளர் இருந்தது.